தம்பியின் கை நழுவியதற்கு யார் பொறுப்பு?

கேள்வி: 2004 சுனாமியில் அக்கரைப்பேட்டையில் தம்பியைப் பறிகொடுத்தபோது எனக்கு 13 வயது. கஜா புயலுக்குப் பிறகு காற்று பலமாக அடித்தாலே உடம்பு உதறுகிறது. எனக்குள் ஒருத்தி அழுகிறாள், ஒருத்தி ‘நீதான் கையை விட்டாய்’ என்று திட்டுகிறாள், இன்னொருத்தி ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்திரம் தேய்க்க வைக்கிறாள். இது பல ஆளுமை நோய் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். முடி கொட்டுகிறது, வாயுத் தொல்லையும் உண்டு. மெடிக்கலில் வாங்கி எட்டு மாதமாகத் தூக்க மாத்திரை போடுகிறேன். சில நாள் தம்பியோடு நானும் போயிருக்கலாம் என்று தோன்றுகிறது. – வாசகி, வேதாரண்யம்

பதில்: கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். இன்று ராத்திரியே அதைக் கணவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் உடனே அவர் அப்புறப்படுத்தட்டும். ‘போயிருக்கலாம்’ என்பது ‘போய்விடலாம்’ என்று மாறினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

முடி, வாயு இரண்டையும் விடுங்கள். அந்த வீடியோவையும் விடுங்கள். பல ஆளுமை நோயில் நேரமே தொலைந்துபோகும், செய்தது நினைவிருக்காது. உங்களுக்கோ தேய்த்த பாத்திரம் வரை நினைவிருக்கிறது. பேசுவது உங்கள் மனசுதான் என்றும் தெரிகிறது. உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை அம்மா.

மனசுக்குள் ஒரு குடும்பமே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு செய்யும் சிகிச்சை ஒன்று உண்டு, ஆங்கிலத்தில் Internal Family Systems என்பார்கள். அமெரிக்காவில் குடும்ப சிகிச்சை செய்துவந்த ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் 1980-களில் உருவாக்கியது. அதில் யாரையும் விரட்டுவதில்லை. திட்டுகிறவளிடம்கூட, ‘நீ திட்டுவதை நிறுத்தினால் என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறாய்?’ என்றுதான் கேட்பார்கள். கடலில் அண்ணனை இழந்த ஒருவரிடம் இதைக் கேட்டேன். தோளில் கிடந்த துண்டை முறுக்கிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம், ‘சும்மா விட்டா நான் மறுபடியும் அசந்துடுவேன் டாக்டர், என் பிள்ளையும் போயிடும்’ என்றார். அத்தனை வருஷத் திட்டும் காவல்தான்! உங்களைப் பாத்திரம் தேய்க்க வைப்பவளும், அழுகிறவளின் சத்தம் உங்களுக்குக் கேட்காமல் பார்த்துக்கொள்கிறாள் என்றே நினைக்கிறேன்.

காவல்காரிகள் நம்பி வழிவிட்ட பிறகே அழுகிறவளிடம் போக வேண்டும். போய், இன்றைக்கு இருக்கும் நீங்கள் அந்த 13 வயசுப் பெண்ணை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கொண்டுபோன அலை அது. பெரியவர்களின் பிடியே நிற்கவில்லை, ஒரு குழந்தையின் கை எப்படி நிற்கும்? இதை அவளிடம் இதுவரை யாருமே சொன்னதில்லை.

ஆனால் வீடியோ பார்த்து வீட்டில் தனியாக இதைச் செய்யவே கூடாது. காவலை மீறி அந்தக் கதவைத் திறந்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் பொங்கி வரும், பிடிக்க ஆள் இருக்காது. இந்த முறைக்கு ஆய்வுச் சான்று இன்னும் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிர்ச்சிக்கென்றே உள்ள அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு, அதாவது நினைப்பையும் நடப்பையும் பேசிப் பேசி மாற்றும் சிகிச்சைக்கு, சான்று அதிகம். எது பொருந்தும் என்பதை உங்களைப் பார்க்கிற மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும்.

சீட்டில்லாமல் எட்டு மாதம் தூக்க மாத்திரை போட்டது பெரிய தப்பு. அதற்காக நாளைக்கே தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை நாகப்பட்டினத்திலேயே பார்க்கலாம், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. இந்த வாரமே கணவரோடு போங்கள். அந்த மாத்திரை அட்டையையும் மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.