பக்கவாதம் கிராமத்தில் குறைவா?

"பக்கவாதம் நகரத்து நோய்தானே? கிராமத்தில் குறைவாகத்தானே இருக்கும்? முக்கியக் காரணம் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குறைவு இல்லை. பக்கத்துத் திருவனந்தபுரத்தில் 2005-ல், முதல்முறை பக்கவாதம் வந்தவர்களை ஆறு மாதம் விடாமல் பதிவு செய்தார்கள். வயது வித்தியாசத்தைச் சரிசெய்து பார்த்தபோது, ஆண்டுக்கு லட்சம் பேரில் நகரத்தில் 135, கிராமத்தில் 138. ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நகரத்தில் 24.5 சதவீதம், கிராமத்தில் 37.1 சதவீதம்!

வீடு வீடாகப் போய் "இங்கே வாதம் வந்தவர் யாராவது இருக்கிறார்களா?" என்று எண்ணினால், பிழைத்தவர்கள் மட்டுமே கணக்கில் வருவார்கள். இறப்பு அதிகமான ஊரில் அந்த எண்ணிக்கை சரிந்து, நோயே குறைவு என்ற தோற்றம் வந்துவிடும்.

காரணங்களில் முதலிடம் ரத்தக்கொதிப்புக்குத்தான். சர்க்கரை, புகை, குடி, சீரற்ற இதயத்துடிப்பு எல்லாம் அதற்குப் பின்னால். தமிழ்நாட்டில் 2020-ல் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு பிரஷர் இருந்தது. அவர்களில் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம். என்னைக் கேட்டால், இந்த 7.3-தான் கவலைப்பட வேண்டிய எண்.

கட்டுப்பாடு எங்கே தவறுகிறது? பெரும்பாலும் மாத்திரையை நிறுத்துவதில். பிரஷர் 130-க்கு இறங்கியதும் "சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள்; இறக்கி வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையைச் சாப்பிடும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அதைப் பார்த்து "கிட்னி போகுது" என்று பயந்து நிறுத்துவார்கள். அந்த வீக்கம் அம்லோடிபினின் பக்கவிளைவாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டினால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மாத்திரை தருவார். கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத பிரஷர். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பதிந்துகொள்ளுங்கள்.

பிரஷர் பார்ப்பதிலும் பிழை நடக்கிறது. காபியோ பீடியோ முடிந்து அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் தரையில் பதிய உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும், பேசக் கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். வீட்டில் பார்க்கும்போது 135/85-ஐத் தொடர்ந்து தாண்டினால் டாக்டரிடம் போக வேண்டும்.

உப்பு ஒருவருக்கு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இதற்குள் அடக்கம்.

வாய் கோணினால், ஒரு கை துவண்டால், பேச்சு குழறினால் உடனே 108. கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் மூளைக்குள் ரத்தக்கசிவு இல்லை என்று சிடி ஸ்கேனில் உறுதியாக வேண்டும். ஆகவே ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். வழியில் தண்ணீரோ மாத்திரையோ வாயில் ஊற்றாதீர்கள், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.