கறுப்பினப் பெண்கள் எழுதிய நாவல்களில் பெண்ணியம் எப்படி வெளிப்படுகிறது? ஒரு நாவலை வைத்துச் சொல்ல முடியுமா?

நைஜீரியாவில் பிறந்த புச்சி எமெச்செட்டாவின் 'தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்' (1979) நாவலை வைத்துச் சொல்கிறேன். 'தாய்மையின் இன்பங்கள்' என்று பொருள்.

அந்தத் தலைப்புக்கு ஒரு முன்கதை உண்டு. இன்னொரு நைஜீரிய எழுத்தாளர் ஃப்ளோரா ந்வாபா 1966இல் எழுதிய 'எஃபுரு' நாவல் ஒரு கேள்வியோடு முடியும். ஏரியில் வாழும் பெண் தெய்வம் அழகி, செல்வமுள்ளவள். ஆனால் பிள்ளை பெற்றதில்லை, தாய்மையின் இன்பம் அறியாதவள். பிறகு ஏன் பெண்கள் அவளை வணங்குகிறார்கள்? பிள்ளையில்லாத என் பெரியம்மா வளைகாப்பு வீடுகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

எமெச்செட்டா அதே சொற்களை எடுத்துக்கொண்டு, நிறையப் பிள்ளை பெற்றவளின் கதையை எழுதினார். நைஜீரியாவின் இக்போ இனத்து நு ஈகோ, முதல் கணவன் வீட்டில் பிள்ளையில்லை என்று ஒதுக்கப்பட்டவள். லாகோஸ் நகரத்தில் இரண்டாம் கணவன் நைஃபே வெள்ளைக்காரர் வீட்டில் துணி துவைக்கிறான். முதல் குழந்தை இறந்ததும் பாலத்திலிருந்து குதித்துச் சாக ஓடுகிறாள். நாவலே அந்த ஓட்டத்தில்தான் தொடங்குகிறது. அப்புறம் வரிசையாகப் பிள்ளைகள். கிராமத்தில் பிள்ளை என்றால் வயலுக்கு இன்னொரு கை. காலனி ஆட்சியின் கூலி நகரத்தில் பிள்ளைக்குச் சோறும் பள்ளிக் கட்டணமும் வேண்டும். அவள் சிகரெட் விற்கிறாள், விறகு விற்கிறாள்.

இந்த நாவலின் உயிர் நீதிமன்றக் காட்சியில் இருக்கிறது. மகள் வேறு இனத்துப் பையனோடு போய்விட்ட கோபத்தில் கத்தியோடு பாய்ந்த வழக்கில் நைஃபே நிற்கிறான். பள்ளிக் கட்டணம் யார் கட்டுகிறார்கள் என்று அவளிடம் கேட்கிறார்கள். தான் கட்டுவதாக ஒப்புக்கொள்கிறாள். ஆனால் கணவன்தான் குடும்பத் தலைவன், தானும் அவனுடைய உடைமை, ஆகவே அவன் கட்டுவதாகத்தான் அர்த்தம் என்கிறாள். கூடத்தில் சிரிப்பு. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எந்த உரையும் கொள்கை விளக்கமும் இல்லாமல், அவள் வாயாலேயே அந்த ஏற்பாடு முழுவதையும் எமெச்செட்டா திறந்து காட்டிவிடுகிறார்.

வெள்ளைக்கார முதலாளி ஒருபக்கம், கணவன் இன்னொருபக்கம், இரண்டுக்கும் நடுவே பெண்ணைப் பெண்ணே மிதிப்பது. நைஃபேயின் இறந்த அண்ணன் மனைவி அடாக்கு, வழக்கப்படி அவனுக்கே மனைவியாக வந்து சேர்கிறாள். அவளுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். இருவருக்கும் வந்த ஒரு சண்டையில் தவறு நு ஈகோ மேல் இருந்தும், ஆண் பிள்ளை பெற்றவள் என்பதால் உறவினர் அவள் பக்கமே பேசுகிறார்கள். அடாக்கு வீட்டைவிட்டு வெளியேறித் தன் பெண்களைப் படிக்கவைக்கத் துணிகிறாள். எமெச்செட்டா தன்னைச் சின்ன 'f' போட்டு எழுதும் 'feminist' என்று சொல்லிக்கொண்டார், பெரிய எழுத்தில் எழுதும் மேற்கத்திய இயக்கத்துப் பெண்ணியவாதி அல்ல என்ற பொருளில். மேற்கத்திய இயக்கத்தின் அளவுகோலுக்குள் அடாக்கு அடங்கமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும்.

நு ஈகோ ஓர் இரவில் சாலையோரம் தனியாகப் படுத்துச் சாகிறாள். பிள்ளைகள் ஒருவரும் அருகில் இல்லை. அதன்பின் வந்து பெருஞ்செலவில் இறுதிச்சடங்கு செய்து, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் வழிபட அவள் பெயரில் ஒரு கோயிலும் எழுப்புகிறார்கள். கேட்ட எவருக்கும் அவள் பிள்ளை கொடுக்கவில்லை.