எக்ஸ்ரே நார்மல்னு சொன்னாங்க, ஆனா கை வலி போகலையே டாக்டர்?

கேள்வி: என் பையனுக்கு 22 வயசு. 12 நாளைக்கு முன்னாடி பைக் ஸ்கிட் ஆகி கையை ஊனி விழுந்துட்டான். அன்னைக்கே எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியலைன்னு கிரேப் பேண்டேஜ் போட்டு அனுப்பிட்டாங்க. இன்னும் ஆக்ஸிலேட்டர் முறுக்க முடியல. மாமியார் சுளுக்கு எடுக்கலாம்ங்கிறாங்க. மறுபடி எக்ஸ்ரே எடுத்தா ரேடியேஷன் ஆகாதா?

பதில்: சுளுக்கு எடுக்க வேண்டாம்மா, எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம். முதல்ல பையனை கட்டைவிரலை நல்லா விரிச்சு மேல தூக்கச் சொல்லுங்க, அடியில ரெண்டு நார் எழும்பி நடுவுல ஒரு குழி விழும் பாருங்க, அந்தக் குழிக்குள்ள மெதுவா அழுத்துங்க. சுருக்குன்னு வலிச்சா ஸ்கேபாய்ட் எலும்புல கீறல் இருக்கலாம்னு சந்தேகப்படணும்.

மணிக்கட்டுல 8 குட்டி எலும்பு இருக்கு, படத்துல ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்ச மாதிரிதான் தெரியும். அதுல ஸ்கேபாய்ட் படகு மாதிரி வளைஞ்சு சாய்ஞ்சு உக்காந்திருக்கும், எலும்பு விலகாம மயிரிழை மாதிரி கீறல் விட்டிருந்தா முதல் நாள் எக்ஸ்ரேல தெரியாமலே போயிடும். அது பார்த்த டாக்டர் தப்பில்ல, ஆனா 10, 14 நாள் கழிச்சு திரும்ப வாங்கன்னு சொல்லியிருக்கணும். அதுக்குள்ள கீறலோட ஓரம் கொஞ்சம் கரைஞ்சு கோடு தெரிய ஆரம்பிக்கும். அதனால இப்போ நீங்க போறது சரியான நேரம்தான். கையை சுண்டுவிரல் பக்கமா சாய்ச்சு எடுக்கிற ஸ்கேபாய்ட் வியூவும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்க, அதுலயும் தெரியாம வலி மட்டும் இருந்தா எம்ஆர்ஐ பார்த்துடலாம்.

இவ்வளவு சொல்றேனேன்னு பயப்படாதீங்க, ஆனா இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்துல இருந்துதான் முக்கியமா உள்ள போகும், நடுவுல உடைஞ்சா முழங்கை பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் நின்னு செத்துப் போகலாம். சுளுக்குன்னு விட்டுட்டு ஆறு மாசம் கழிச்சு வர்ற பசங்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமா இருக்கும், மாவுக்கட்டோட முடிஞ்சிருக்க வேண்டியது ஆபரேஷன் வரைக்கும் போயிடுது.

ரேடியேஷன் பத்திக் கவலையே வேண்டாம், நம்மளச் சுத்தி இயற்கையா இருக்கிற கதிர்வீச்சுல ஒரு நாளைக்குக் கிடைக்கிறதை விட கை எக்ஸ்ரேல கம்மிதான். அதுக்காக எல்லா கை வலிக்கும் எடுக்கணும்னு இல்ல, ராத்திரில விரல் மரத்துப் போறது நரம்பு பிரச்சனை, அதுக்கு வேற டெஸ்ட்.

நாளைக்கே எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அதுவரைக்கும் பைக் வேண்டாம். பழைய பிலிமையும் மறக்காம எடுத்துட்டுப் போங்கம்மா, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாதான் புதுசா கோடு விழுந்திருக்கான்னு தெரியும்.