பனிக்குள் இருப்பவை – கடிதமும் பதிலும்

ஐயா வணக்கம்,

நாகர்கோவிலில் முதுகலை நுண்ணுயிரியல் படிக்கிறேன். பனிப்பாறைகளின் பாக்டீரியாக்கள் உண்மையிலேயே அங்கு வாழ்கின்றனவா, உறைந்து கிடக்கின்றனவா? பனியையே பார்த்திராத குமரி மாவட்டத்துக்காரி இந்த ஆய்வுக்கு ஆசைப்படலாமா?

மாணவி, கருங்கல்

அன்புள்ள மாணவிக்கு,

இரண்டும் உண்டு. புத்தளம் உப்பளத்தில் வெயில் ஏற ஏற, மிஞ்சிய நீரில் உப்பு செறிவதைக் கண்டிருப்பீர்கள். நீர் உறையும்போதும் படிகம் உப்பை வெளியே தள்ளிவிடுவதால், படிகங்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடுக்குகளில் உப்பு மிகுந்த நீர் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழும் உறையாமல் நிற்கிறது; பாக்டீரியாக்களுக்கு அது போதும். பனியின் மேற்பரப்பிலோ வாழ்க்கை இன்னும் செழிப்பானது. கறுத்த தூசி வெயிலை வாங்கிச் சூடாகி, அடியிலுள்ள பனியை உருக்கியபடி இறங்குவதால் சிறு நீர்க்குழிகள் உண்டாகின்றன. 1870இல் கிரீன்லாந்தில் துருவப் பயணி நோர்டன்ஷோல்ட் கண்டு ‘கிரையோகோனைட்’ என்று பெயரிட்டது இந்தத் தூசியைத்தான். ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாக்களின் இழைகள் அதைப் பிணைத்துக் கரிய மணிகளாக்குகின்றன; அவற்றுக்கிடையே நீர்க்கரடிகள் எனப்படும் எட்டுக்கால் நுண்ணுயிர்கள்கூட மேய்கின்றன.

என்னைக் கேட்டால், இத்துறையின் உண்மையான சிக்கல் வேறு. ஆழத்துப் பனியில் செல்கள் மிகக் குறைவு என்பதால், துளைக்கருவியிலும் கையுறையிலும் ஒட்டிவந்தவற்றைப் பனிக்குரியவை என்று எண்ணிவிடுவது எளிது. 2012 பிப்ரவரியில் ரஷ்யர்கள் அண்டார்க்டிகாவின் பனிக்கடியில் புதைந்துள்ள வோஸ்டாக் ஏரியை எட்டியபோது, துளை மூடிவிடாதிருக்க ஊற்றிய மண்ணெண்ணெய் கலந்த திரவமே மாதிரிகளின்மேல் ஐயத்தைக் கிளப்பியது. 2013 ஜனவரியில் அங்கேயே பனிக்கடியிலுள்ள வில்லன்ஸ் ஏரிக்குச் சென்ற அமெரிக்கக் குழுவோ, வடிகட்டிப் புற ஊதா ஒளியூட்டிய வெந்நீரால் ஏறத்தாழ 800 மீட்டர் பனியைத் துளைத்தது. வெயிலே படாத அந்த நீரில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 1.3 லட்சம் செல்கள் இருந்தன. எண்ணிக்கையைவிட அந்தத் துப்புரவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆகவே தாராளமாக ஆசைப்படலாம். கோவாவிலுள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் அண்டார்க்டிகாவிலும், இமயமலையில் ஸ்பிதியின் ஹிமான்ஷ் நிலையத்திலும் ஆய்வு நடத்துகிறது. அதுவரை குளச்சல் மீனே போதும்: ஐஸில் இட்ட மீனும் நாளடைவில் கெடுவதற்குச் சூடோமோனாஸ், ஷெவனெல்லா போன்ற குளிர்தாங்கும் பாக்டீரியாக்களே முக்கியக் காரணம். அவற்றை வளர்த்துப் பாருங்கள். மாதிரி இடாத வளர்ப்புத் தட்டு ஒன்றையும் கூடவே வையுங்கள்; அதில் ஏதும் வளர்ந்தால், அது மீனிலிருந்து அல்ல, வெளியிலிருந்து ஒட்டிவந்தது. 4 டிகிரியில் மீனின் பாக்டீரியாக்கள் மெல்லத்தான் வளரும் என்பதால், மூன்றாம் நாளே தட்டு வெறுமையாக இருக்கிறதென்று கழுவிவிட வேண்டாம்.