வளவு வீட்டில் விருந்தாளிப் பூனை

பூனைக்கு வேறு வீடு அமையும்வரை முதல்முறையாகப் பொறுப்பேற்றவர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் காரைக்குடி ஆச்சி.

கானாடுகாத்தானிலிருந்து: ஆச்சி, ஒரு மாசத்துக்கு என்று வாங்கி வந்த பூனை 3 நாளாகப் பீரோவுக்கு அடியிலேயே கிடக்கிறது. இழுத்து வெளியே விடலாமா?

இழுக்காதீங்க தம்பி. புது இடத்தில் ஒளிவது அதன் சுபாவம். ராத்திரி வைத்த சாப்பாடு காலையில் குறைந்திருக்கிறதா, அது ஒன்றுக்கு, ரெண்டுக்குப் போக மண் நிரப்பி வைத்த தட்டு நனைந்திருக்கிறதா, அதை மட்டும் பாருங்கள். ஒரு நாள் முழுக்க வாயில் எதுவும் வைக்கவில்லை என்றால் டாக்டரிடம் கொண்டுபோங்கள், பட்டினி கிடந்தால் பூனைக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடும். முக்கியமாக, கதவுள்ள ஒரே அறையில் வையுங்கள். நம் வீடு திறந்த வளவு, நடுமுற்றத்துக்குக் கூரை கிடையாது. நான் முதல் பூனையைப் பெருமையாக முகப்பில் இறக்கிவிட்டேன், அது தேக்குத் தூணில் நகக்கீறல் போட்டபடி ஏறி, ஓட்டுக்குப் போய், பக்கத்து வீட்டு ஓட்டில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. இறக்க 2 நாள் ஆச்சு, கருவாடு வறுத்த வாசனைக்குத்தான் வந்தது.

தேவகோட்டையிலிருந்து: மீந்த கோழிக்குழம்பு, பால் கொடுக்கலாமா?

குழம்பு வேண்டவே வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். உப்புக்கூடப் போடாமல் வேகவைத்த கோழி, எலும்பு எடுத்துக் கொடுங்கள். பால் குடித்தால் பலதுக்கும் பேதி.

பள்ளத்தூரிலிருந்து: தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் ஒன்றுக்குப் போகிறது. பினாயில் போட்டும் அதே இடத்துக்குத்தான் வருகிறது.

பினாயிலை முதலில் நிறுத்துங்கள். காலில் ஒட்டியதை நக்கினாலே பூனைக்கு விஷம். வினிகரும் வேண்டாம், கல் சிமெண்ட் என்பதால் மெருகு போய்விடும், அப்புறம் வீட்டுப் பெரியவர்கள் பூனையோடு உங்களையும் வெளியே அனுப்புவார்கள். சோப்புத் தண்ணீரில் அலசித் துடையுங்கள். மண் தட்டைச் சாப்பாட்டுக்குத் தள்ளி வைத்து தினமும் அள்ளுங்கள். கடுவன் முக்கி முக்கி உட்கார்ந்தும் சொட்டு வரவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள், மூத்திர அடைப்பு உயிரை வாங்கும்.

கோட்டையூரிலிருந்து: லேசாகத்தான் கடித்தது.

லேசு, பலம் என்று பார்க்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போங்கள்.

புதுவயலிலிருந்து: நாளைக்கு அதை வாங்கிக்கொண்டு போக வருகிறார்கள் ஆச்சி. கொடுக்க மனசே வரவில்லை.

எனக்கும் ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். நீங்கள் வைத்துக்கொண்டால் அடுத்ததுக்கு அந்த அறை இல்லை. அது படுத்த துணியைத் துவைக்காமல் கூடவே கொடுத்து அனுப்புங்கள், புது வீட்டில் அந்த வாசனைதான் அதற்குத் துணை.