மோட்டார்ஹோமில் இரவு எங்கே தங்குவது? கேள்வி-பதில்

கேள்வி: டூசல்டார்ஃபில் வசிக்கிறோம். ஜூலையில் மூன்று வாரம் வாடகை மோட்டார்ஹோமில் (படுக்கை, அடுப்பு, கழிப்பறை கொண்ட வீட்டு வண்டி) பிரான்ஸ் வழியாகப் போர்ச்சுகல் போகத் திட்டம். பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர். எல்லா இரவுக்கும் கேம்ப்சைட் (கட்டண முகாமிடம்) பதிவு செய்தே ஆகவேண்டும் என்கிறார் வண்டியை வாடகைக்கு விடுபவர். எங்கு வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்கலாம் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். வண்டியை நிறுத்துவது வேறு, முகாம் போடுவது வேறு; சட்டம் பார்ப்பது இந்த வேறுபாட்டைத்தான். பிரான்ஸில் காரை நிறுத்தலாம் என்ற இடத்தில் மோட்டார்ஹோமையும் நிறுத்தி உள்ளே தூங்கலாம். சாய்ப்பை (வண்டியின் பக்கவாட்டில் விரியும் நிழல் கூரை) விரித்தாலோ நாற்காலியை வெளியே போட்டாலோ அது முகாம் ஆகிவிடும். கடலோர ஊர்கள் பலவற்றில் இரவு நேரத் தடைப் பலகை உண்டு; நுழையும்போதே அதைத் தேடிப் பாருங்கள். ஜெர்மனியில், ஓட்டும் தெம்பை மீட்க ஒரு இரவு தூங்குவதை ஏற்கிறார்கள், அதற்கு மேல் இல்லை. போர்ச்சுகலில் 2021 முதல் விதி கடுமை: நாட்டுரா 2000 (ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கைப் பாதுகாப்பு வலையமைப்பு) பகுதிகளிலும் கடலோரத் திட்டப் பகுதிகளிலும் அனுமதி பெற்ற இடத்தில் மட்டுமே இரவு தங்கலாம், மற்ற இடங்களில் ஒரே நகராட்சி எல்லைக்குள் 48 மணி நேரம்தான். அழகான கடற்கரைகளில் பெரும்பாலானவை இந்தத் தடைக்குள் வருபவை என்று வைத்துக்கொள்வதே நல்லது.

கேம்ப்சைட்டுக்கும் கண்ட இடத்தில் நிறுத்துவதற்கும் நடுவில் இருப்பதுதான் உங்களுக்கு உதவும். பிரான்ஸில் அதற்கு 'ஏர்' என்று பெயர் (நம் உழவு ஏர் அல்ல), ஜெர்மனியில் 'ஷ்டெல்பிளாட்ஸ்'. ஊராட்சியோ தனியாரோ மோட்டார்ஹோமுக்கென்றே ஒதுக்கிய இடம். இலவசமாகவும் இருக்கும், கட்டணத்துக்கும் இருக்கும். பெரும்பாலும் முன்பதிவு கிடையாது, முந்தி வந்தவருக்கே இடம். ஜூலையில் கடலோர ஏர்களுக்குப் பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேருங்கள். 10 கிலோமீட்டர் உள்ளே தள்ளிய ஊரில் அந்த நெரிசல் இருக்காது. இடம் தேட உதவும் பார்க்4நைட், கேம்பர்கான்டாக்ட் செயலிகள் இரண்டையும் வைத்துக்கொண்டு, அண்மைய மாதக் கருத்துகளை மட்டும் படியுங்கள். பழைய கருத்தை நம்பிப் போனால் தடைக்கம்பிதான் வரவேற்கும்.

'பிரான்ஸ் பாசியோன்' என்ற திட்டமும் உண்டு. ஆண்டுச் சந்தா கட்டினால் திராட்சைத் தோட்டம், பண்ணை போன்ற இடங்களில் 24 மணி நேரம் இலவசமாக நிற்கலாம். பொருள் வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் வண்டிக்குள்ளேயே கழிப்பறை இருக்கவேண்டும், வெளிச்சம் இருக்கும்போதே போகவேண்டும். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் மட்டும் இரவு தூங்க வேண்டாம். திருட்டு அங்கேதான் அதிகம்.

மூன்று நான்கு இரவுக்கு ஒருமுறை கேம்ப்சைட்டுக்குப் போங்கள். துணி துவைக்கவும் பிள்ளைகள் நீந்தவும் அது வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் அந்த இரவுகளுக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள். ஏசிஎஸ்ஐ என்ற கேம்ப்சைட் தள்ளுபடி அட்டை அந்த இரு மாதங்களில் பெரும்பாலும் பயன்படாது, எனவே இந்தப் பயணத்துக்காக அதை வாங்க வேண்டாம்.

கேள்வி: ஏரில் தண்ணீர், மின்சாரம் கிடைக்குமா? கழிவை எங்கே கொட்டுவது?

பதில்: பல ஏர்களில் சேவைக் கம்பம் ஒன்று நிற்கும். வழக்கமான கம்பத்தில் 2 யூரோ நாணயம் போட்டால் 10 நிமிடத்தில் சுமார் 100 லிட்டர் தண்ணீர் வரும், இல்லையெனில் ஒரு மணி நேரம் மின்சாரம் வரும். அந்த மின்சாரத்தை நம்பி இரவைக் கழிக்க முடியாது. சில கம்பங்கள் 'ஜெத்தோன்' வில்லையை மட்டும் ஏற்கும். அதை விற்பது பல இடங்களில் ஊர் பேக்கரி, அதுவோ திங்கட்கிழமை மூடியிருக்கலாம். இரண்டு வில்லைகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். குழாய் வாய்கள் ஒரே அளவில் இருக்காது: அரை அங்குலம், முக்கால் அங்குலம் இரண்டுக்கும் இணைப்பான் தேவை.

கழிப்பறைப் பெட்டியை (வண்டிக் கழிப்பறையின் கழிவு சேரும், கழற்றி எடுக்கும் பெட்டி) கொட்டும் இடத்தில் தொங்கும் ரப்பர் குழாயைக் குடிநீருக்குத் தொடவே வேண்டாம். பெட்டியின் வாய்க்குள் அதை நுழைத்துக் கழுவுபவர்கள் உண்டு. குடிநீருக்கு உங்கள் சொந்தக் குழாயைத் தனிப் பையில் வையுங்கள். பெட்டியின் கொள்ளளவு 17 முதல் 20 லிட்டர். நான்கு பேருக்கு ஒன்றரை நாள் தாங்கினாலே பெரிது. இலவச இடத்தில் எத்தனை நாள் தங்க முடியும் என்பதை நிர்ணயிப்பது இந்தப் பெட்டிதான். வண்டியை வாடகைக்கு விடுபவரிடம் இன்னொரு பெட்டி கேட்டுப் பாருங்கள்.

மின் இணைப்பு 6 ஆம்பியர் என்றால் 230 வோல்ட்டில் 1,380 வாட்தான். அரிசிக் குக்கர் ஓடும். 2,000 வாட் கெட்டிலைப் போட்டால் ஃபியூஸ் விழும். ஃபியூஸ் பெட்டி பூட்டியிருந்தால், சாவி வைத்திருப்பவர் வரும்வரை அக்கம்பக்கத்தாரும் இருட்டில் இருக்க நேரலாம்.

கேள்வி: ஜெர்மன் எரிவாயு சிலிண்டரை பிரான்ஸில் மாற்றலாமா?

பதில்: முடியாது. 11 கிலோ சாம்பல் நிறச் சிலிண்டரை ஜெர்மனியில்தான் மாற்றுவார்கள். இரண்டு நிறைந்த சிலிண்டர்களுடன் கிளம்புங்கள். கோடையில் சமையலுக்கும் குளிர்பெட்டிக்கும் மூன்று வாரம் போதும். குளிர்காலப் பயணம் என்றால் புரொப்பேன்தான். பியூட்டேன் 0 டிகிரியை நெருங்கினால் ஆவியாகாது, அடுப்பு அணைந்துவிடும்.

கேள்வி: நான்கு இருக்கை, நான்கு படுக்கை என்று விளம்பரத்தில் இருக்கிறது. வேறென்ன கேட்கவேண்டும்?

பதில்: எடை. பி வகை உரிமத்துக்கு (சாதாரணக் கார் ஓட்டுநர் உரிமம்) வரம்பு 3,500 கிலோ. ஆவணத்தில் ஓட்டத் தயார் நிலை எடை 3,050 என்றால் மிச்சம் 450. ஓட்டுநர் அந்தக் கணக்கில் ஏற்கெனவே உண்டு. மற்ற மூவருக்கும் ஆளுக்கு 75 கிலோ என்று எண்ணினால் 225 போயிற்று. பல வண்டிகளில் 20 லிட்டர் தண்ணீரைத்தான் கணக்கில் எடுத்திருப்பார்கள். 100 லிட்டர் தொட்டியை நிரப்பினால் இன்னும் 80. சாய்ப்பு 30, மின்சைக்கிள் இரண்டு 50. எஞ்சுவது 65 கிலோ, அதற்குள்தான் துணி, பாத்திரம், நாற்காலி, பத்துக் கிலோ அரிசி மூட்டை எல்லாம். அதிக எடைக்கு அபராதம் கட்டுவது ஓட்டுநர், வண்டியை வாடகைக்கு விட்டவர் அல்ல. பின்புற அறையில் கனமானதை அடுக்கினால், மொத்த எடை சரியாக இருந்தாலும் பின் அச்சு வரம்பைத் தாண்டும். கிளம்பும் நாளில் எல்லாம் ஏற்றியபின் பொது எடைமேடையில் அச்சு அச்சாக நிறுத்துப் பாருங்கள். அதிகம் வந்தால் முதலில் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். போகிற இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.