சீலன்ட் அடியில், வேக்ஸ் மேலே: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐப்பசி மழைக்கு முன்னால் வண்டியைத் தயார் செய்கிற நேரம் இது. புரட்டாசி பிறந்தாலே வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல், காரின் பெயின்டைக் காக்கப் பூசுகிற சீலன்டும் வேக்ஸும்தான். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். வண்டியின் நிறம், நிறுத்துகிற இடம், ஏற்கெனவே என்ன பூசியிருக்கிறது, இந்த மூன்றையும் தயவுசெய்து எழுதுங்கள். அவை இல்லாத கடிதத்துக்கு உருப்படியாக எதுவும் சொல்ல முடிவதில்லை.

பாளையங்கோட்டை வாசகர்: அண்ணாச்சி, ஆவணிக் கடைசியில் கார்னாபா வேக்ஸ் போட்டேன். இப்போது சீலன்ட் பாட்டில் ஒன்று வாங்கியிருக்கிறேன். வேக்ஸ் மேலேயே பூசிவிடலாமா?

கூடாது. சீலன்ட் என்பது கிளியர் கோட்டை, அதாவது நிறத்துக்கு மேலே இருக்கிற நிறமற்ற பெயின்ட் அடுக்கை, பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய செயற்கைப் பாலிமர். கார்னாபா என்பது ஒரு வகைப் பனை இலையிலிருந்து எடுக்கிற மெழுகு. நடுவில் மெழுகு இருந்தால் அதற்குப் பிடிமானம் கிடையாது. எண்ணெய் தடவிய சுவரில் சுண்ணாம்பு அடித்த கதைதான். அன்றைக்குப் பளபளக்கும், நாலு தடவை கழுவினால் மெழுகோடு சேர்ந்து அதுவும் போய்விடும்.

இரண்டு வழி இருக்கிறது. வேக்ஸ் தானாகத் தேய்ந்து போகும்வரை காத்திருக்கலாம். நம் ஊர் வெயிலில் கார்னாபா ஒன்றரை, இரண்டு மாதம் தாங்கினாலே பெரிது. அவசரம் என்றால் ஷாம்பு போட்டுக் கழுவி, கிளே பார் (பெயின்டில் ஒட்டிய துகளை எடுக்கிற களிமண் கட்டி) ஓட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்தெடுங்கள். ஷாம்பு மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள், மெழுகு முழுதாகப் போகாது. மேலாக ஒரு நைஸ் பாலிஷ் (பெயின்டை மெல்லத் தேய்த்துச் சமமாக்குகிற கலவை) ஓட்டினால் இன்னும் உத்தமம். அதன்பின் சீலன்ட், ஒரு ராத்திரி இடைவெளி, அப்புறம் வேக்ஸ்.

மேலப்பாளையம் வாசகர்: சீலன்ட் பூசி எவ்வளவு நேரம் கழித்து வேக்ஸ் போட வேண்டும்?

பாட்டிலின் பின்பக்கம் எழுதியிருக்கும், படியுங்கள். பெரும்பாலானவை 12 முதல் 24 மணி நேரம் கேட்கும். மாலையில் சீலன்ட், மறுநாள் மாலை வேக்ஸ் என்று வைத்துக்கொண்டால் தப்பே வராது. இடையில் மழையோ பனியோ படக் கூடாது. கூரை இல்லாத வீட்டுக்காரர்கள் அடைமழை பிடித்த வாரத்தில் சீலன்ட் வேலையைத் தொடவே வேண்டாம்.

பேட்டை வாசகர்: நான் சீலன்ட் நாலு கோட், வேக்ஸ் மூன்று கோட் போட்டிருக்கிறேன். இன்னும் போட்டால் ஆழமான பளபளப்பு வருமா?

வராது. கிளியர் கோட்டே 40, 50 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதன்மேல் நிற்கும் சீலன்ட் ஒரு மைக்ரானைக்கூடத் தொடுவதில்லை. முதல் கோட்டில் கை படாமல் விட்ட இடத்தை இரண்டாவது கோட் நிரப்பும். அந்த அளவில் இரண்டாவது கோட்டுக்கு நியாயம் உண்டு. மூன்றாவதிலிருந்து பாட்டில்தான் காலியாகும். முதல் கோட் இறுகுமுன் அடுத்ததைப் போட்டால், புதிதாகப் பூசியதில் இருக்கிற கரைப்பான் பழையதையும் இளக்கித் துணியோடு எடுத்து வந்துவிடும். வேக்ஸும் அப்படித்தான், ஒரு மெல்லிய கோட் போதும்.

ஆழமான பளபளப்பு அடியில் உள்ள பெயின்டிலிருந்து வருவது. கீறல் இருக்கிற பெயின்ட் மேல் ஏழு கோட் போட்டாலும் கீறல்தான் தெரியும். அதற்குப் பாலிஷ் பண்ணுங்கள்.

வள்ளியூர் வாசகர்: சீலன்ட் போட்ட பிறகு தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. ஆனால் வண்டி முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டப் புள்ளிகள். சீலன்ட் கெட்டதா?

சீலன்ட் நல்லது. கெட்டது போர்வெல் தண்ணீர். வள்ளியூர், இராதாபுரம், திசையன்விளைப் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் இந்தக் கடிதம் வருகிறது. தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிற தெருக்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

நடப்பது இதுதான். போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசிய உப்புகள் கரைந்திருக்கின்றன. பூச்சு இல்லாத பெயின்டில் தண்ணீர் பரவிக் காயும், உப்பும் பரவி மெல்லிய படலமாக நிற்கும். சீலன்ட் மேல் அதே தண்ணீர் முத்தாகக் குவிகிறது. முத்து காயும்போது அதிலிருக்கிற உப்பு முழுவதும் ஒரே வட்டத்தில் தங்கிவிடும். வெயிலில் காய்ந்தால் கேட்கவே வேண்டாம். முத்து உருளுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு நிற்காமல் உடனே துடையுங்கள்.

வந்த புள்ளிகளுக்கு வெள்ளை வினிகரைச் சமமாகத் தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் புள்ளி மேல் ஒரு நிமிஷம் வைத்து எடுத்து, நன்றாகக் கழுவுங்கள். நிழலில் செய்யுங்கள். பானெட்டில் புறங்கையை வைத்துப் பார்த்து, சுட்டால் தொடாதீர்கள். மேலே வேக்ஸ் இருந்தால் அது பாதி போயிருக்கும், மறுபடி ஒரு கோட் போட்டுக்கொள்ளுங்கள். அடியில் இறுகிய சீலன்ட் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். வினிகருக்கும் போகாத வட்டம் கிளியர் கோட்டைக் கடித்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பாலிஷ்தான்.

இனிமேல் நிழலில் கழுவுங்கள், ஒரு பக்கம் கழுவியதும் அந்தப் பக்கத்தைத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கடைசியாக ஊற்றுகிற ஒரு வாளியாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். மொட்டை மாடி மழைநீரைத் தொட்டியில் பிடிப்பவர்களுக்கு இதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழிந்து வரும் தண்ணீரை வீணாக்காமல் காருக்கு ஊற்றுவதாகச் சிலர் பெருமையாக எழுதுகிறார்கள். குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைக் காரில் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

களக்காடு வாசகர்: எந்த வேக்ஸ் நல்ல வேக்ஸ்?

என்ன வண்டி, என்ன நிறம், எங்கே நிற்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. எழுதுங்கள், சொல்கிறேன்.

அம்பாசமுத்திரம் வாசகர்: புது வண்டி எடுத்தபோது ஷோரூமிலேயே கோட்டிங் போட்டுக் கொடுத்தார்கள். பதினைந்தாயிரம் ஆனது. மூன்றாம் மாதமே தண்ணீர் ஒட்டுகிறது. இதன் மேல் நானே சீலன்டும் வேக்ஸும் போடலாமா?

போடலாம், எப்படி என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன் இந்தக் கோட்டிங் வியாபாரத்தைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியவில்லை.

தொழிற்சாலையிலிருந்து வண்டி லாரியில் ஏறி நாட்கணக்கில் ஊர் ஊராக வருகிறது. வழியெல்லாம் பிரேக் தூசியும் இரும்புத் தூளும் படிகிறது. அப்புறம் யார்டில் வெட்ட வெளியில் வாரக்கணக்கில் நிற்கிறது. முகூர்த்த நாள் பார்த்து நீங்கள் டெலிவரி கேட்கிறீர்கள். அன்றைக்கு அங்கே பத்து வண்டி நிற்கும். ஒரே வாளி, ஒரே ஸ்பாஞ்சு, அதில் பத்து வண்டியின் மண்ணும் இருக்கும். கழுவி, ஈரம் காய்ந்தும் காயாமலும் எதையோ தடவி, அரை மணியில் ரிப்பன் கட்டிவிடுகிறார்கள். கிளே பார் ஓட்டியிருப்பார்களா? ஆல்கஹால் போட்டுத் துடைத்திருப்பார்களா? பூசியது இறுக ஒரு ராத்திரி விட்டார்களா? நீங்கள் சாவியை வாங்கிய கையோடு கோயிலுக்குப் போய்விட்டீர்கள், வழியில் மழையும் பெய்திருக்கும்.

பூசிய சரக்கு நல்லதாகவே இருக்கலாம். அழுக்கு மேல் பூசினால் நல்ல சரக்கும் நிற்காது. பல இடங்களில் அந்தப் பதினைந்தாயிரத்துக்குக் கிடைப்பது சாதாரண சீலன்ட்தான். இரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்குகிற ஒரு பாட்டில் சீலன்ட் உங்கள் வண்டிக்கு இரண்டு மூன்று வருஷம் வரும், ஒரு கோட்டுக்கு 20, 30 மில்லிக்கு மேல் செலவாகாது. வருஷக்கணக்கில் வாரண்டி என்கிறார்கள். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். இத்தனை மாதத்துக்கு ஒருமுறை அங்கேயே கொண்டுவந்து பணம் கட்டிப் பராமரிக்க வேண்டும், பறவை எச்சத்துக்குப் பொறுப்பில்லை, தண்ணீர்க் கறைக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருக்கும். சாதாரண ஜனங்கள் சீட்டுப் பிடித்து, நகையை வைத்து வண்டி எடுக்கிறார்கள். அவர்களிடம் கேட்டும் கேட்காமலும் பில்லில் இதைச் சேர்ப்பது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. புது வண்டி எடுக்கப் போகிறவர்கள் கோட்டிங் வேண்டாம், கழுவவும் வேண்டாம், தூசியோடு கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் 140 டிகிரி அளவில் சூளையில் சுட்டு இறுகியது. வீட்டுக்கு வந்த அன்றே நீங்கள் சீலன்ட் பூசலாம், காத்திருக்கத் தேவையில்லை.

அம்பாசமுத்திரத்துக்காரருக்கு: நன்றாகக் கழுவிய பிறகு விரல்களை மெல்லிய பாலிதீன் பையில் நுழைத்து பானெட்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கிளே, ஆல்கஹால், சீலன்ட், ஒரு ராத்திரி, வேக்ஸ். பில்லில் செராமிக் (சீலன்டைவிடக் கெட்டியாக நிற்கிற பூச்சு) என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் முதலில் அதற்குரிய ஷாம்பு போட்டுக் கழுவிப் பாருங்கள். மேலே அழுக்கு அடைத்திருந்தாலும் தண்ணீர் ஒட்டும், கோட்டிங் அடியில் உயிரோடு இருக்கக் கூடும்.

பணகுடி வாசகர்: எங்கள் வீட்டில் ஷெட் கிடையாது. வாசலில் வைத்தே பூசுகிறேன். துடைக்கும்போது மெல்லிய கீறல் விழுகிறது.

எந்த மாதத்தில் பூசினீர்கள் என்று எழுதவில்லை. ஆனி, ஆடியில் என்றால் காரணம் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று உங்கள் ஊரில் காற்றாலையை மட்டுமா சுற்றுகிறது, மண்ணையும் அள்ளி வருகிறது. ஈரமாக இருக்கிற சீலன்டில் அந்த மண் ஒட்டும், நீங்கள் துணியால் தேய்ப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். காற்றுக்காலத்தில் வாசலில் பூசாதீர்கள். தெரிந்தவர் ஷெட்டையோ கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தையோ ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். மற்ற மாதங்களில் விடிகாலையில் செய்யலாம். பானெட்டில் புறங்கை வைத்துப் பார்ப்பதை மறக்க வேண்டாம்.

பனியன் வேஸ்ட் துணியால் துடைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது எஞ்சின் கிரீஸுக்கு. பெயின்டுக்கு மைக்ரோஃபைபர் தவிர எதுவும் வேண்டாம்.

உவரி வாசகர்: கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. உப்புக் காற்றுக்கு சீலன்ட், வேக்ஸ் இரண்டும் போட்டால் துரு வராதா?

பெயின்ட் மேல் படியும் உப்பு சுலபமாகக் கழுவிப் போகும், அந்த உபகாரம் உண்டு. துரு பிடிப்பது பெரும்பாலும் நாம் பூசாத இடத்தில்: கதவின் அடி விளிம்பு, சக்கர வளைவின் உள்பக்கம், கல் பட்டுப் பெயின்ட் உதிர்ந்த புள்ளி. உதிர்ந்த இடங்களுக்கு முதலில் டச்-அப் பெயின்ட் வையுங்கள். வாரம் ஒருமுறை அடிப்பக்கம் தண்ணீர் அடியுங்கள். உங்கள் ஊரில் சீலன்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது நல்லது.

சேரன்மகாதேவி வாசகர்: கதவில் அடிபட்டு டிங்கரிங் பண்ணி, பெயின்ட் அடித்துப் பத்து நாள் ஆகிறது. சீலன்ட் போடலாமா?

வேண்டாம். பட்டறையில் அடிக்கும் பெயின்டிலிருந்து கரைப்பான் பல வாரம் வெளியேறிக்கொண்டிருக்கும். மேலே மூடினால் மங்கும், கொப்புளம்கூட வரலாம். பெயின்டரிடம் கேளுங்கள், பொதுவாக இரண்டு மாதம் விடுங்கள். அதுவரை வெறும் தண்ணீரும் ஷாம்புவும்தான்.

நாங்குநேரி வாசகர்: சீலன்டும் வேக்ஸும் இருந்தும் பறவை எச்சம் தடம் போட்டுவிட்டது. பூசி என்ன பயன்?

எவ்வளவு நேரம் கிடந்தது? அதை எழுதவில்லையே. பூச்சு உங்களுக்குச் சில மணி நேரம் அவகாசம் தரும், அவ்வளவுதான். வெயிலில் பெயின்ட் விரிந்து, மாலையில் சுருங்கும்போது எச்சத்தைச் சுற்றி இறுகுகிறது. அமிலமும் சேர்ந்துகொண்டால் தடம் நிலைத்துவிடும். கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள்ளேயே வீட்டு மரங்களில் கூடு கட்டுகின்றன. அந்தப் பக்கம் போய்வந்தால் அன்றே கழுவுங்கள். காய்ந்ததைச் சுரண்டாமல் ஈரத் துணியைப் பத்து நிமிஷம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் எடுங்கள்.

திருநெல்வேலி டவுன் வாசகர்: ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தால் வேக்ஸ் கெடுமா?

வேக்ஸ் கெடாது. காய்ந்த பொட்டை மறுநாள் நகத்தால் சுரண்டுவதுதான் கெடுதல். ஊறவைத்துக் கழுவுங்கள். வெள்ளை வண்டியில் மஞ்சள் கறை நின்றால் பயப்பட வேண்டாம், வெயிலில் மங்கிவிடும். முன் கண்ணாடியில் பொட்டு வைத்தால் எந்தத் தொல்லையும் இல்லை. பூஜைக்கு முந்தின நாள் அவசர அவசரமாக சீலன்ட் பூசாதீர்கள், ஒரு வாரம் முன்பே முடியுங்கள்.

முக்கூடல் வாசகர்: தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் டீசல் கலந்து துடைத்தால் வேக்ஸ் போலவே மின்னுகிறதே?

மின்னும். மாலைக்குள் தெருத்தூசி முழுவதும் ஒட்டும். அடியில் இருந்த வேக்ஸை டீசல் கரைத்திருக்கும். நிறுத்துங்கள்.

மானூர் வாசகர்: வேக்ஸ் பட்டு பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக் வெளுத்துவிட்டது.

பழைய டூத்பிரஷ், ஆல்கஹால் கலந்த தண்ணீர், பொறுமை. அடுத்த தடவை பூசுமுன் பிளாஸ்டிக் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

வீரவநல்லூர் வாசகர்: டிக்கியில் வைத்திருந்த வேக்ஸ் டப்பா உருகி மறுபடி கட்டியாகிவிட்டது. பயன்படுத்தலாமா?

மேலே எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்காமல் ஒரே சீராக இறுகியிருந்தால் பயன்படுத்தலாம். முதலில் கதவின் உள்விளிம்பில் கொஞ்சம் போட்டு, துடைத்தால் சுத்தமாக வருகிறதா என்று பாருங்கள். இழுத்துக்கொண்டு திட்டுத் திட்டாக நின்றால் தூக்கிப் போடுங்கள். வெயிலில் நிற்கிற காரின் டிக்கி வேக்ஸுக்கு இடமே இல்லை. வீட்டுக்குள் அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள்.